குற்றவாளி விசிறி இல்லை!

அன்று காலை பிரிட்ஜைத் திறந்த அம்மா, "மாவை யாரு வெளிய எடுத்து வெச்சது?" என்று கேட்டார். யாரும் எடுக்கவில்லை. கீழ்த்தட்டில் இருந்த தோசை மாவு ராத்திரியோடு ராத்திரியாகப் புளித்து, மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்திருந்தது. மேலே உறைபெட்டியில் மீன் கல்லாக இருந்தது. கீழே தண்ணீர் போத்தலைத் தொட்டால் குளிர்ச்சியே இல்லை.

நாங்கள் இருப்பது பாகான் டத்தோவில், சுங்கை சுமுன் பக்கம். அப்பாவுக்குத் தென்னந்தோட்டத்தில் வேலை. அம்மா வீட்டில் மாவு அரைத்து, பாக்கெட் போட்டு அக்கம்பக்கத்தில் விற்கிறார். எஸ்.பி.எம். எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த நான்தான் வீட்டில் சும்மா இருந்த ஆள். பழுது பார்ப்பவர் தெலுக் இந்தானிலிருந்து வர வேண்டும். ஒரு வாரம் ஆகும் என்றார். "நீதான் சயன்ஸ் படிச்ச பிள்ளையாச்சே, என்னன்னு பாரு" என்று அப்பா சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

முதலில் மருந்து

மாவு போனால் நாற்பது ஐம்பது வெள்ளி நட்டம். அதைவிடப் பெரிய கவலை, நடுத்தட்டில் ஒரு டப்பாவில் இருந்த அம்மாவின் இன்சுலின் பேனாக்கள். மேலேதான் நன்றாகக் குளிர்கிறதே என்று டப்பாவை உறைபெட்டிக்குள் வைக்கப் போனேன். நல்ல வேளை, பெட்டியில் எழுதியிருந்ததைப் படித்தேன். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியசுக்குள் வைக்க வேண்டும், உறைய விடக்கூடாது. ஒரு முறை உறைந்துவிட்டால், பிறகு உருகினாலும் அதைப் பயன்படுத்தக்கூடாது.

டப்பாவைப் பக்கத்து வீட்டு ஆன்ட்டியின் பிரிட்ஜில் வைத்துவிட்டு, கிளினிக் மருந்தாளரை அழைத்தோம். அம்மா பயன்படுத்தும் வகை, வெப்பம் 30 டிகிரியைத் தாண்டாதவரை நான்கு வாரம் தாங்கும் என்றும், தேதியை எழுதி வைத்து இந்தப் பேனாக்களையே முதலில் பயன்படுத்தும்படியும் அவர் சொன்னார். எல்லா வகைக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. உங்கள் வீட்டு மருந்துக்கு உங்கள் மருந்தாளரைத்தான் கேட்க வேண்டும்.

குளிர் எங்கிருந்து வருகிறது?

எங்களுடையது ஐஸ் படியாத வகை, இரண்டு கதவு பிரிட்ஜ். இந்த வகையில் பெரும்பாலும் குளிர் உண்டாகும் இடம் ஒன்றுதான்: உறைபெட்டியின் பின்சுவருக்குள் மறைந்திருக்கும் அலுமினியச் சுருள். அதன்மேல் ஒரு சிறிய விசிறி காற்றை இழுத்து வீசுகிறது. அந்தக் காற்றில் ஒரு பங்கு மட்டும் ஒரு குழாய் வழியாகக் கீழே இறங்குகிறது. காற்றோட்டம் நின்றால் சுருளுக்கு அருகே இருக்கும் மீன் கொஞ்ச நாள் உறைந்தே கிடக்கும், கீழ்த்தட்டு சூடாகிவிடும். 'மேலே ஐஸ், கீழே சூடு' என்றால் பலரும் உடனே "கேஸ் முடிஞ்சிருச்சி" என்பார்கள். முதலில் சந்தேகப்பட வேண்டியது காற்றோட்டத்தைத்தான்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, உறைபெட்டியின் பின்தட்டைக் கழற்றினேன். உள்ளே சுருளே தெரியவில்லை. ஒரே வெள்ளைச் சுவர். விசிறியின் இறக்கைகள் ஐஸில் சிக்கி அசையாமல் நின்றன. 'விசிறி கெட்டுவிட்டது, அதனால்தான் ஐஸ் கட்டிவிட்டது' என்று முடிவு செய்தேன். இணையத்தில் 68 வெள்ளிக்கு ஒரு விசிறியை வரவழைத்தேன். அது வந்து சேர நான்கு நாள். அதுவரை பிரிட்ஜ் கதவு திறந்தே கிடந்தது. புது விசிறியைப் பொருத்தி சுவிட்சைப் போட்டேன். மறுநாள் தண்ணீர் போத்தல் ஜில்லென்று இருந்தது. பழுது பார்ப்பவரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். ஆன்ட்டி என்னை 'இஞ்சினியர்' என்று கூப்பிட ஆரம்பித்தார்.

அந்தப் பட்டம் பன்னிரண்டு நாள்தான் நிலைத்தது. பதின்மூன்றாம் நாள் மாவு மறுபடியும் பொங்கியது. பின்தட்டைக் கழற்றினால் அதே வெள்ளைச் சுவர். புது விசிறியும் ஐஸில் சிக்கி நின்றது.

ஆறாம் ஆண்டுப் பாடம்

அன்றிரவுதான் தமிழ்ப்பள்ளியில் படித்தது நினைவுக்கு வந்தது. தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்று யூ.பி.எஸ்.ஆர். அறிவியலுக்காக மனப்பாடம் செய்திருப்போம். ஓர் ஆராய்வில் ஒரே ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். மற்றவை மாறாமல் இருக்க வேண்டும். நான் செய்தது என்ன? விசிறியை மாற்றினேன். அதே நான்கு நாளில் ஐஸும் முழுக்க உருகியிருந்தது. இரண்டு மாறிகள் ஒன்றாக மாறியிருந்தன. பிரிட்ஜைச் சரியாக்கியது ஐஸ் உருகியது. பெயர் வாங்கியது விசிறி.

அப்படியானால் கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். விசிறி நின்றதால் ஐஸ் கட்டவில்லை. ஐஸ் கட்டியதால்தான் விசிறி நின்றது. ஐஸ் ஏன் கட்டியது?

நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்த ஈரம் உள்ளே போய் சுருளில் பனியாகப் படிகிறது. அதை உருக்கச் சுருளுக்கு அடியில் ஒரு ஹீட்டர் இருக்கிறது. சில மணி நேரத்துக்கு ஒரு முறை அது சூடாகிப் பனியை உருக்கும். உருகிய நீர் குழாய் வழியாகக் கீழே வடிந்துவிடும். ஹீட்டர் வேலை செய்யாவிட்டால் பனி நாள்கணக்கில் சேர்ந்து, ஒன்றிரண்டு வாரத்தில் சுவராகிவிடும். எங்களுக்குப் பன்னிரண்டு நாள் ஆனது!

இந்த முறை எதையும் வாங்காமல் தெலுக் இந்தான் அண்ணனை மறுபடி அழைத்து, பார்த்ததை எல்லாம் தேதியோடு சொன்னேன். அவர் வந்து ஐஸை உருக்கி, மல்டிமீட்டரை வைத்தார். ஹீட்டர் நன்றாக இருந்தது. அதற்கு மின்சாரம் போகும் வழியில் உள்ள வெப்பப் பியூஸ் அறுந்திருந்தது. "பியூஸ் சும்மா போகாது தங்கச்சி. ஏன் போச்சின்னு பார்க்கணும்" என்றவர், ஹீட்டரை நேரத்தில் நிறுத்த வேண்டிய வெப்பச் சுவிட்சு ஒட்டிக்கொண்டிருந்ததையும் கண்டுபிடித்தார். இரண்டையும் மாற்றினார். கடைசியாக, நான் கழற்றிப் போட்ட பழைய விசிறிக்கு மின்சாரம் கொடுத்துக் காட்டினார். அது ஜோராகச் சுற்றியது.

வீட்டில் நீங்கள் பார்க்கக்கூடியவை

1. காற்றுத்துளைகளைப் பொருள்கள் அடைத்துக்கொண்டிருக்கின்றனவா? சில நேரம் பிரச்சினை இவ்வளவுதான்.

2. கதவு இடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள். தடையே இல்லாமல் வந்துவிட்டால் ரப்பர் தளர்ந்திருக்கலாம். அதன் வழியாக ஈரக்காற்று நுழையும்.

3. உறைபெட்டிக் கதவைத் திறந்து, சட்டத்தில் உள்ள சிறு பொத்தானை விரலால் அழுத்துங்கள். பல வகைகளில் கதவு திறந்தால் விசிறி நிற்கும். பொத்தானை அழுத்தினால் சுற்றும் ஓசை கேட்க வேண்டும். கரகரவென்று உரசும் ஓசை கேட்டால் இறக்கை ஐஸில் மோதுகிறது.

4. பிளக்கைப் பிடுங்கிய பிறகே பின்தட்டைக் கழற்றுங்கள். சுருள் முழுக்க ஐஸ் மூடியிருந்தால் உருக்கும் பகுதியைச் சந்தேகியுங்கள். ஓர் ஓரத்தில் மட்டும் பனி படிந்திருந்தால் கேஸ் குறைந்திருக்கலாம். சுருள் சுத்தமாக இருந்தும் விசிறி சுற்றாவிட்டால்தான் விசிறியையோ அதன் வயரையோ பார்க்க வேண்டும்.

5. ஒரு நாள் முழுக்க அணைத்து, கதவைத் திறந்து வைத்து உருகவிடுங்கள். பிறகு நன்றாக ஓடி, ஒன்றிரண்டு வாரத்தில் அதே கோளாறு திரும்பினால் தேதிகளைக் குறித்துப் பழுது பார்ப்பவரிடம் சொல்லுங்கள்.

கத்தியால் ஐஸைச் சுரண்டாதீர்கள். சுருளில் ஓட்டை விழுந்தால் கேஸ் வெளியேறிவிடும். இப்போதைய பல பிரிட்ஜ்களில் உள்ள ஆர்600ஏ கேஸ் தீப்பற்றக்கூடியது. அறுந்த பியூஸை ஒதுக்கிவிட்டு வயரை நேராக இணைப்பதும் ஆபத்து. ஹீட்டர் அளவுக்கு மீறிச் சூடாகாமல் வீட்டைக் காப்பதே அந்தச் சிறிய பியூஸ்தான். மின்சாரம், கேஸ் இரண்டும் பயிற்சி பெற்றவர் வேலை.

அந்தப் பயிற்சிக்கும் வழி இருக்கிறது. கியாட்மாரா, தொழில்திறன் பயிற்சிக் கழகங்கள் போன்ற இடங்களில் குளிர்சாதனத் துறையைப் படித்து, மலேசியத் திறன் சான்றிதழ் பெறலாம். எஸ்.பி.எம். முடிவு சுமாராக வந்தவர்கள் சோர்ந்துவிட வேண்டாம். தோழிகள் பலரும் மறந்தும் பார்க்காத அந்தத் துறைக்கு நானும் விண்ணப்பித்திருக்கிறேன்.

இப்போது நடுத்தட்டில் இன்சுலின் டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு சிறு வெப்பமானி இருக்கிறது. காலையில் மாவை எடுக்கும்போது அம்மா அதைப் படித்து உரக்கச் சொல்வார். பெரும்பாலும் நான்கு, சில நாள் ஐந்து. பழைய விசிறி என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. எதையாவது அவசரப்பட்டு முடிவு செய்யும்போதெல்லாம் 68 வெள்ளி ஞாபகத்துக்கு வருகிறது.