சாய்ந்த கம்பியில் வழுக்காத மணி

சரிவில் குண்டுகளை உருட்டித்தான் கலீலியோ முடுக்கத்தை அளந்தார். நேராக விழும் பொருள் கண்ணிமைப்பதற்குள் தரையைத் தொட்டுவிடும்; சரிவில் விட்டால் நிதானமாக இறங்கும், நீர்க்கடிகாரமே அளக்கப் போதும். 1638-இல் வெளியான நூலில் இதை விவரித்தார். அவருடைய சரிவு அசையாதது. சரிவே நகர்ந்தால்?

ஒரு தள்ளுவண்டியில் வழவழப்பான கம்பியை 30 பாகை சாய்வாகப் பொருத்துவோம். தாழ்ந்த முனை முன்பக்கம் இருக்கட்டும். கம்பியில் ஒரு மணியைக் கோத்துவிடுவோம். உராய்வு இல்லை என்று கொள்வோம். வண்டி நின்றிருந்தால், மணியின் வேகம் ஒவ்வொரு வினாடியும் 4.9 மீட்டர்/வினாடி கூடிக்கொண்டே போகும். வண்டி சீரான வேகத்தில் ஓடினாலும் கம்பியின் மேல் இதே கணக்குதான். வண்டியின் வேகம் கூடும்போதுதான் விஷயம் மாறுகிறது. வண்டியின் முடுக்கம் 5.66 மீட்டர்/வினாடி² ஆனால் மணி கம்பியில் வைத்த இடத்திலேயே நிற்கும். அதையும் தாண்டினால் மேல்நோக்கி ஏறும்! 5 வினாடிக்குள் 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும் காரில் இந்த முடுக்கம் உண்டு.

அதே வண்டியில் பாதி நீர் நிரப்பிய கண்ணாடித் தொட்டியையும் வையுங்கள். முடுக்கம் சீராக இருக்கும்வரை நீர் பின்பக்கம் உயர்ந்து, முன்பக்கம் தாழ்ந்து சாய்ந்து நிற்கும். 5.66-இல் அந்தச் சாய்வு சரியாக 30 பாகை. அதாவது நீர்மட்டமும் கம்பியும் இணை. வண்டிக்குள் 'கீழ்' என்ற திசையே திரும்பிவிட்டது. மணியைப் பொறுத்தவரை கம்பி படுக்கையாகக் கிடக்கிறது. மணி கனமா லேசா என்பதும் இங்கே பொருட்டல்ல.

பிளஸ் 1 மாணவர்கள் வண்டிக்குள்ளிருந்து பார்ப்பதாகக் கொண்டு, மணியைப் பின்னோக்கித் தள்ளும் 'போலி விசை' ஒன்றைச் சேர்த்து இந்த விடையைப் போட்டுவிடுவார்கள். விடை சரிதான். ஆனால் ஒருமுறையாவது தரையில் நின்று கணக்கைப் பார்க்க வேண்டும் என்பேன். அங்கே போலி விசை எதுவும் கிடையாது. மணியின் மேல் இருப்பவை இரண்டே விசைகள்: எடை, கம்பியின் உந்தல். கம்பிக்குச் செங்குத்தான அந்த உந்தலின் மேல்நோக்கிய பங்கு எடையைத் தாங்குகிறது. முன்நோக்கிய பங்கு மணியை வண்டியோடு கூட்டிச் செல்கிறது. இரண்டு வேலையையும் செய்வதால் உந்தல் எடையைவிடச் சுமார் 15 சதவீதம் அதிகம்.

கம்பியை மேலேறும் லிஃப்டில் வைத்தால், லிஃப்ட் வேகமெடுக்கும் நேரத்தில் மணி விரைந்து வழுக்கும். கயிறறுந்து லிஃப்ட் தடையின்றி விழுந்தால்? கம்பி எவ்வளவு சாய்ந்திருந்தாலும் மணி வழுக்காது; விழுபவருக்குத் தன் எடை தெரியாது. 1907-இல் பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்த ஐன்ஸ்டைன் இந்த எண்ணத்தைப் பற்றிக்கொண்டார். அதிலிருந்து பொதுச் சார்பியல் கோட்பாட்டை எட்ட அவருக்கு 8 ஆண்டுகள் பிடித்தன.