ஓரிடத்துப் பழுது ஊரெங்கும் பரவுவது எப்படி?

ஒரு கடையில் தராசு பழுதானால் அந்தக் கடையின் வியாபாரம் மட்டுமே தடைப்படும். மின்சாரம், ரயில், தொலைபேசி, வங்கி போன்றவை அப்படியல்ல. அவை ஊர்விட்டு ஊர் பின்னிக் கிடக்கும் வலைகள். ஒன்றையொன்று நம்பி நிற்பதால், ஒன்றில் விழும் அடி மற்றதையும் சாய்க்கிறது.

2012 ஜூலை 30, 31 தேதிகளில் நடந்ததைப் பார்ப்போம். வட இந்தியாவில் சில மின் தடங்கள் ஏற்கெனவே நிறுத்தப்பட்டிருந்தன. சில மாநிலங்கள் ஒதுக்கீட்டுக்கு மேல் மின்சாரம் எடுத்து வந்தன. அந்நிலையில் பினா-குவாலியர் 400 கிலோவோல்ட் தடம் துண்டிக்கப்பட்டது. அதன் சுமை மற்றத் தடங்களின் மீது ஏற, அவையும் தாங்காமல் ஒவ்வொன்றாக விலகின. 31-ம் தேதி வடக்கு, கிழக்கு, வடகிழக்கு ஆகிய மூன்று மின் தொகுப்புகளும் வீழ்ந்தன. 60 கோடிக்கும் மேற்பட்டோர் வாழும் பகுதிகள் பாதிக்கப்பட்டன. ரயில்கள் நடுவழியில் நின்றன. மேற்கு வங்கத்தில் சுரங்க லிஃப்ட் இயங்காமல் சுமார் 200 தொழிலாளர்கள் நிலத்தடியில் சிக்கி, பின்னர் மீட்கப்பட்டனர்.

தென்னகத் தொகுப்பு அப்போது தனித்து இயங்கியதால் தமிழ்நாடு தப்பியது. 2013 டிசம்பர் 31-ல் ராய்ச்சூர்-சோலாப்பூர் தடத்தால் நாடே ஒரே தொகுப்பானது. வெளி மாநில மின்சாரம் வர வழி பிறந்தது லாபம். பழுது வரவும் அதே வழி உண்டு.

2003 செப்டம்பர் 28-ல் இத்தாலி இருண்டது. மின்சாரம் நின்றதால் மின் நிலையங்களைக் கட்டுப்படுத்தும் கணினித் தொடர்பு நின்றது. தொடர்பு நின்றதால் மேலும் மின் நிலையங்கள் நின்றன. இதை எடுத்துக்காட்டாகக் கொண்டு 2010-ல் ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. தனித்த வலை படிப்படியாகத் தளரும். ஒன்றையொன்று சார்ந்த இரு வலைகளோ ஒரு கட்டத்தில் திடீரென்று மொத்தமாகச் சரியும் என்று அது காட்டியது.

நம் கடைகளும் இதற்கு விலக்கல்ல. மின்சாரம் போனால் செல்போன் கோபுரத்தின் பேட்டரி சில மணி நேரமே தாங்கும். சிக்னல் போனால் யு.பி.ஐ. வரவு நிற்கும். வரவு நின்றால் மண்டிக்குத் தரவேண்டிய பணம் தள்ளிப்போகும். கடனிலும் இதே கதைதான்: ஒரு மொத்த வியாபாரி நொடித்தால் அவருக்குச் சரக்கு அனுப்பியவரும் தள்ளாடுவார், அவரை நம்பிக் கடை நடத்துபவரும் தள்ளாடுவார்.

தொடர்பை அறுத்துக்கொண்டு வியாபாரம் செய்ய முடியாது. மாற்று வழி வைத்திருப்பதே தற்காப்பு. ஒரு நாள் கொள்முதலுக்கான ரொக்கம், கையால் எழுதும் பில் புத்தகம், பற்று வரவுக்குத் தாள் நகல், முக்கியச் சரக்குக்கு இரண்டு மண்டிகள் ஆகியவை அவசியம். அந்த இரண்டும் ஒரே ஆணியில் தொங்கக் கூடாது. செயலிகள் இரண்டு இருந்தும் இரண்டும் ஒரே வங்கிக் கணக்கில் சேர்ந்தால், நம்மிடம் இருப்பது ஒரே வழிதான்.