வியாபாரத்தை எதனோடு ஒப்பிட்டு அளப்பது?

"வியாபாரம் எப்படிப் போகிறது?" என்று கேட்டால், எமது ஊர் முதலாளிமார் பெரும்பாலும் இரண்டு பதில்களில் ஒன்றைத்தான் சொல்வார்கள். "போன வருஷத்தை விடப் பரவாயில்லை" என்பது ஒன்று. "எல்லாருக்கும் இப்படித்தான் போகுது" என்பது மற்றது. இரண்டும் ஒப்பீடுகள்தாம். ஆனால் எதை, எதனோடு, எந்த அளவால் ஒப்பிட்டோம் என்பது இரண்டிலும் இல்லை.

சென்ற வருடத்தோடு மட்டும் ஒப்பிடுவது எவ்வளவு ஏமாற்றக்கூடியது என்பதை நாம் அண்மையில்தான் கண்டோம். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதமாக இருந்தது. ஒரு கடையின் மாத விற்பனை அதற்கு முந்திய வருடம் 10 இலட்சமாக இருந்து, அந்த மாதம் 15 இலட்சமாக உயர்ந்திருந்தால், கொப்பியில் அது வளர்ச்சியாகத் தெரியும். விலைகள் உயர்ந்த அளவைக் கழித்துப் பார்த்தால், முன்னைய விலையில் அது 9 இலட்சத்தைக்கூட எட்டாது. பணம் கூடியது, விற்ற சாமான் குறைந்தது. இதனைக் கவனிக்காத பலர், அடுத்த முறை சரக்கு எடுக்கப் போனபோதுதான் கையில் உள்ள பணம் போதாது என்பதை உணர்ந்தார்கள்.

பிள்ளையின் முன்னேற்ற அறிக்கையில் "வகுப்பில் மூன்றாம் இடம்" என்று இருந்தால் பெற்றோர் மகிழ்கிறார்கள். ஆனால் நாடு முழுவதிலுமுள்ள பிள்ளைகளோடு புலமைப்பரிசில் பரீட்சைக்குத் தோற்றும்போதுதான் அந்தப் பிள்ளை உண்மையில் எங்கே நிற்கிறது என்பது தெரியவருகிறது. வியாபாரத்துக்கும் இத்தகைய வெளி அளவுகோல் ஒன்று தேவை. முகாமைத்துவத்தில் இதனை 'பென்ச்மார்க்கிங்' என்பார்கள். தமிழில் ஒப்பீட்டு அளவீடு எனலாம். ஒரு வேலையைச் சிறப்பாகச் செய்பவரைத் தேடி, அவருக்கும் எமக்கும் உள்ள இடைவெளியை அளந்து, அவர் அதனை எப்படிச் செய்கிறார் என்பதைக் கற்றுக்கொள்வதே இதன் சாரம்.

செரொக்ஸ் கற்ற பாடம்

இம்முறையை உலகறியச் செய்தது அமெரிக்காவின் செரொக்ஸ் நிறுவனம். 1959 இல் அது அறிமுகப்படுத்திய 914 என்ற போட்டோகொப்பி இயந்திரம் சந்தையையே அதன் கைக்குள் கொண்டுவந்தது. போட்டி இல்லாத காலத்தில் தன்னை அளக்க வேண்டிய தேவை அதற்கு எழவில்லை. 1970களில் ஜப்பானிய நிறுவனங்கள் சிறிய இயந்திரங்களோடு வந்தன. செரொக்ஸ் ஓர் இயந்திரத்தைத் தயாரிக்கச் செலவிடும் தொகைக்கே அவை தமது இயந்திரங்களை விற்றன.

1979 இல் செரொக்ஸ் போட்டி இயந்திரங்களைக் கழற்றிப் பார்த்து, பாகம் பாகமாகச் செலவை ஒப்பிடத் தொடங்கியது. அதன் பின்னர் செய்ததுதான் முக்கியமானது. களஞ்சியத்திலிருந்து பொருட்களை எடுத்து அனுப்பும் வேலை மந்தமாக நடந்தது. அதற்காக அது பார்க்கப் போனது இன்னொரு போட்டோகொப்பி நிறுவனத்தை அல்ல. தபால் மூலம் உடுப்புகளும் சப்பாத்துகளும் விற்கும் எல்.எல்.பீன் என்ற நிறுவனத்தை. அங்கு ஒரு தொழிலாளி ஒரு நாளில் எடுத்துக் கொடுத்த பொருள் வரிசைகள் செரொக்ஸை விட ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தன. அதற்குக் காரணம் பெரிய இயந்திரங்கள் அல்ல. அதிகம் விற்பனையாகும் பொருட்கள் மிக அருகில் வைக்கப்பட்டிருந்தன. நடக்க வேண்டிய தூரம் குறையும் வகையில் ஓடர்கள் முன்கூட்டியே ஒழுங்குபடுத்தப்பட்டிருந்தன.

இப்பணியில் முன்னின்ற செரொக்ஸ் அதிகாரி ரொபர்ட் கேம்ப், இந்த முறையைப் பற்றி 1989 இல் ஒரு நூலும் எழுதினார். அதே ஆண்டில் செரொக்ஸின் பிரதான பிரிவு அமெரிக்காவின் மல்கம் போல்ட்ரிஜ் தர விருதைப் பெற்றது.

எமது கடைகளில் எதை அளப்பது?

இலாபத்தை மட்டும் ஒப்பிட்டால், யார் முன்னால் நிற்கிறார் என்பது தெரியும். ஏன் என்பது தெரியாது. எனவே வேலையை அளக்க வேண்டும். பேக்கரியில், கடைகளுக்குப் போட்ட 100 பாணில் எத்தனை திரும்பி வருகிறது? ஹார்ட்வெயார் கடையில், கடனுக்குக் கொடுத்த சாமானின் பணம் எத்தனை நாளில் கைக்கு வருகிறது? புடவைக் கடையில், எடுத்த சரக்கு எத்தனை நாள் இராக்கையில் கிடக்கிறது?

கடைசிக் கேள்விக்கு விடை காண்பது இலகுவானது. சராசரிக் கையிருப்பின் பெறுமதியை, வருடத்தில் விற்ற சரக்கின் கொள்விலையால் வகுத்து 365 ஆல் பெருக்க வேண்டும். உதாரணமாக, வருடத்தில் விற்ற சரக்கின் கொள்விலை 60 இலட்சம், சராசரிக் கையிருப்பு 30 இலட்சம் என்றால், சரக்கு ஏறத்தாழ 182 நாட்கள் தங்குகிறது. அதே அளவு விற்கும் இன்னொரு கடை 15 இலட்சக் கையிருப்போடு நடந்தால், அங்கு 91 நாட்கள்தான். எமது இராக்கையில் 15 இலட்சம் தூங்கிக்கொண்டிருக்கிறது. மாத இறுதியில் காசோலை வங்கிக்கு வரும்போது, அதே பணத்தைத் தேடித்தான் நாம் அலைகிறோம்.

அடுத்த கடைக்காரர் தனது கணக்கைக் காட்டமாட்டார் என்பது உண்மை. ஆனால் வேறு ஊரில் அதே தொழில் செய்யும் உறவினர் காட்டுவார். அவர் எமக்குப் போட்டியாளர் அல்ல. கார்கில்ஸ் போன்று கொழும்புப் பங்குச் சந்தையில் உள்ள நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளில், விற்பனைச் செலவும் கையிருப்பும் எவரும் பார்க்கக் கூடியதாக அச்சிடப்பட்டிருக்கின்றன. வேறு தொழிலிடமும் கற்கலாம். முதலில் காலாவதியாகும் மருந்தை முன்னால் வைக்கும் பாமசியின் ஒழுங்கு, பலசரக்குக் கடைக்கும் பொருந்தும்.

ஒப்பிடும் முன் ஒரு விடயத்தைச் சமப்படுத்திக்கொள்ள வேண்டும். சொந்தக் கட்டடத்தில் கடை நடத்துபவர் வாடகையைச் செலவாக எழுதுவதில்லை. கடையில் நிற்கும் மகனுக்கும் தம்பிக்கும் சம்பளம் எழுதுவதில்லை. வாடகையும் சம்பளமும் கொடுக்கும் கடையோடு இந்தக் கணக்கை அப்படியே வைத்தால், நட்டத்தில் ஓடும் கடையும் இலாபத்தில் ஓடுவதாகத் தோன்றும். அந்தக் கட்டடத்தை வாடகைக்கு விட்டால் வருவதையும், அந்த மகன் வெளியில் வேலை செய்தால் பெறுவதையும் முதலில் செலவில் சேர்க்க வேண்டும். பரம்பரைக் கடைகள் பல, காரணம் புரியாமலே மெலிந்து போவது இந்தக் கணக்கு எழுதப்படாததால்தான்.

ஊர் வர்த்தக சங்கங்கள் இங்கு பெரிய உதவி செய்யலாம். ஒரே தொழில் செய்வோர் கையிருப்பு நாட்கள், கடன் திரும்பும் நாட்கள், கழிவு ஆகிய மூன்றையும் கடையின் பெயர் எழுதாமல் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தால், சராசரியையும் மிகச் சிறந்த அளவையும் எல்லோருக்கும் அறிவிக்கலாம். விற்பனை விலையை மட்டும் அங்கு பேசக்கூடாது. அது வாங்குபவருக்கு எதிரான கூட்டாக மாறிவிடும்.

முதல் வேலைக்குச் சங்கமும் தேவையில்லை, கணினியும் தேவையில்லை. இந்த வார இறுதியில் சரக்கை எண்ணி, கையிருப்பு எத்தனை நாளுக்குரியது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து மீண்டும் எண்ணுங்கள். இடையில், அந்த எண் உங்களை விடக் குறைவாக உள்ள ஒருவரைத் தேடிப்பிடித்து, அவர் சரக்கு எடுப்பது எப்படி என்று கேளுங்கள்.