பிரவேச முடிவுக்குக் காத்திருக்கும் மாணவர் அறியத்தக்கவை

ஒரு கல்லூரியில் இரண்டாண்டு படித்துவிட்டு, மூன்றாம் ஆண்டு முதல் வேறொரு சர்வகலாசாலையில் சேர்வதற்காக விண்ணப்பம் எழுதிப் போட்ட மாணவன், நவம்பர் மாதக் கடைசியில் அந்த விண்ணப்பம் தன் கையை விட்டுப் போன நாள் தொடங்கி ஏப்ரல் மாதக் கடைசியில் விடை வந்து சேரும் நாள் வரையில், ஏறக்குறைய ஐந்து மாத காலம், இருக்கும் கல்லூரியில் மனம் பொருந்தாமலும், போகும் கல்லூரி இன்னதென்று தெரியாமலும், நடு ஆற்றில் பரிசல் சுழன்றவனைப் போல நாட்களைக் கழிக்கிறான். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஆண்டுதோறும் பல்லாயிரம் மாணவர்களுக்கு நேர்வது இது. குப்பர்டினோ, ஃப்ரீமான்ட் முதலிய ஊர்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளும், இங்கிருந்து விசா பெற்றுச் சென்று அந்த ஊர்க் கல்லூரிகளில் பயிலும் பிள்ளைகளும் அவர்களுள் அடங்குவர். அவர்களுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் பயன்படும் என்று கருதியே இதை எழுதத் துணிந்தேன். அந்த ஐந்து மாதத்தில் பிரார்த்தனையைத் தவிர வேறு காரியம் இல்லை என்று பெரும்பாலோர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை கைக்கு வந்த இடத்தையும் நழுவவிடச் செய்யக்கூடியது.

நம் நாட்டில் படிப்பின் நடுவே கல்லூரி மாறுவதென்பது ஒரு விதிவிலக்கு; மாற்றுச் சான்றிதழுக்காக அலுவலக வாசலில் நிற்பதும், இரு கல்லூரிகளின் சம்மதத்தையும் தேடி அலைவதும், பாடத்திட்டம் ஒத்துவரவில்லையென்று திருப்பியனுப்பப்படுவதும் அதனோடு கூடப் பிறந்த கஷ்டங்கள். கலிபோர்னியாவிலோ அது அரசாங்கமே வகுத்த ராஜபாட்டை. 1960-ஆம் ஆண்டில், பாட் பிரவுன் கவர்னராக இருந்த காலத்தில், கலிபோர்னியா சர்வகலாசாலையின் தலைவர் கிளார்க் கெர் முன்னின்று உருவாக்கிய உயர்கல்விப் பெருந்திட்டமானது, பொருள் வசதியில்லாத வீட்டுப் பிள்ளையும், பள்ளிப் பருவத்தில் சோபிக்கத் தவறிய பிள்ளையும், உள்ளூர்க் கம்யூனிட்டி காலேஜில் குறைந்த செலவில் இரண்டாண்டு படித்து யோக்கியதையை நிலைநாட்டிக்கொண்ட பின்னர் பெரிய சர்வகலாசாலையில் மூன்றாம் ஆண்டு மாணவராகப் பிரவேசிக்கலாம் என்று வழி திறந்தது; அப்படி வருபவர்களுக்கு இடம் மிஞ்சவேண்டும் என்பதற்காகவே, அங்கே இளங்கலை மாணவர்களில் முதலிரண்டு ஆண்டினர் நூற்றுக்கு நாற்பது அளவுக்குள் இருக்கவேண்டும் என்றும் வகுத்தது. இன்று அந்த மாநிலத்தில் 116 கம்யூனிட்டி காலேஜுகள் இருக்கின்றன. மாநிலவாசிக்கு ஒரு யூனிட்டுக்கு 46 டாலர் கட்டணம். பள்ளியிலிருந்து நேரே வருபவர் இருவரென்றால் இந்த வழியில் வருபவர் ஒருவர் இருக்கவேண்டும் என்பது சர்வகலாசாலை தனக்கு விதித்துக்கொண்டிருக்கும் கணக்கு. ஆகையால் காத்திருக்கும் மாணவன், யாரோ இரங்கி அளிக்கும் தயவை எதிர்பார்த்து நிற்பதாகத் தன்னைக் குறைத்து நினைத்துக்கொள்ளவேண்டியதில்லை. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அவனுக்கென்று ஒதுக்கிவைக்கப்பட்ட இடத்தையே அவன் கேட்கிறான்.

கலிபோர்னியா சர்வகலாசாலையில் இளங்கலை கற்பிக்கும் ஒன்பது வளாகங்களில் ஆறு வளாகங்கள், அதாவது டேவிஸ், இர்வைன், மெர்சிட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகியவை, குறித்த மதிப்பெண்ணும் பாடங்களும் உடையவர்களுக்குப் பிரவேச உத்தரவாதம் எழுதிக் கொடுக்கின்றன. ஒருவர் ஒரு வளாகத்துக்குத்தான் இந்த உத்தரவாதத்தைக் கேட்கலாம். அதுவும் செப்டம்பர் மாதத்துக்குள் கேட்கவேண்டும். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலிஸ், சான் டியேகோ ஆகிய மூன்றும் இதில் சேரவில்லை. உத்தரவாதம் கிடைத்துவிட்டது என்ற மனநிறைவில் அசல் விண்ணப்பத்தை அனுப்பாமல் விட்டவருக்கு அந்த உத்தரவாதம் ஒன்றுக்கும் உதவாது என்பதை இங்கே அழுத்திச் சொல்லவேண்டும்.

விண்ணப்பம் போன பிறகு வரும் முதற் கடமை ஜனவரியில் வருகிறது. இலையுதிர்காலப் பருவத்தில் பெற்ற மதிப்பெண்களையும், வசந்தகாலப் பருவத்தில் எடுத்திருக்கும் பாடங்களையும் தெரிவிக்கும் ஒரு படிவத்தை அம்மாதக் கடைசிக்குள் மாணவன் நிரப்பி அனுப்பவேண்டும். ‘டிரான்ஸ்ஃபர் அகாடமிக் அப்டேட்’ என்பது அதன் பெயர். விண்ணப்பத்தில் எழுதியிருந்த ஒரு பாடத்தை இடையிலே கைவிட்டிருந்தால் அதையும், எதிர்பார்த்ததைவிடக் குறைந்த மதிப்பெண் வந்திருந்தால் அதையும், ஒளிக்காமல் இதிலே சொல்லிவிடவேண்டும். தனக்குப் பாதகமான செய்தியைத் தானே வலியச் சென்று எழுதுவதா என்று பிள்ளைகள் தயங்குவது இயற்கைதான். ஆயினும் ஜனவரியில் சொன்ன குறைக்குச் சமாதானம் உண்டு, ஜூலையில் அவர்களாகவே கண்டுபிடித்த குறைக்குச் சமாதானம் கிடைப்பது அரிது. வசந்தகாலம் முடியும்போது 60 செமஸ்டர் யூனிட்டுகள், காலாண்டு முறையில் 90 யூனிட்டுகள், நிறைந்திருக்கவேண்டும் என்பதும், அவற்றுள் ஆங்கிலக் கட்டுரைப் பயிற்சியும் கணிதமும் அடங்கியிருக்கவேண்டும் என்பதும் அடிப்படை விதிகள். இந்தக் காத்திருக்கும் பருவத்திலேயே அந்தக் கடைசிப் பாடங்கள் நடக்கின்றன.

ஏப்ரலில் வரும் கடிதத்தைப் பற்றி மக்களிடையே ஒரு தவறான அபிப்பிராயம் வேரூன்றியிருக்கிறது. ‘அனுமதி அளிக்கப்பட்டது’ என்ற வரியைப் படித்ததும் சுற்றத்தாரை அழைத்து விருந்து வைக்கிறார்களே தவிர, அதன் கீழே நீண்டு கிடக்கும் நிபந்தனைகளைப் படிப்பவர் சிலரே. எடுத்த பாடங்கள் அனைத்தையும் குறித்த தரத்துக்குக் குறையாமல் முடிக்கவேண்டும். ஜூன் முதல் தேதிக்குள் ஒரே ஒரு வளாகத்தை ஏற்றுக்கொள்வதாகத் தெரிவித்து, திருப்பித் தரப்படாத முன்பணத்தைக் கட்டவேண்டும். படித்த ஒவ்வொரு கல்லூரியிலிருந்தும், ஒரு கோடையில் ஒரே ஒரு பாடம் படித்த கல்லூரியானாலும் சரி, இறுதி மதிப்பெண் சான்றாகிய டிரான்ஸ்கிரிப்ட் ஜூலைத் தொடக்கத்துக்குள் நேரே போய்ச் சேரவேண்டும். இவற்றுள் ஒன்று தவறினாலும் அனுமதி ரத்தாகலாம் என்பது அந்தக் கடிதத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது.

இது வெறும் பயமுறுத்தல் என்று எண்ணுவோர் 2017-ஆம் ஆண்டின் கோடையை நினைத்துப் பார்க்கவேண்டும். அவ்வாண்டு இர்வைன் வளாகத்தில் எதிர்பார்த்ததைவிட ஏறத்தாழ 850 மாணவர்கள் அதிகமாகச் சேர முன்வந்தனர். அதன்பின், வகுப்புகள் தொடங்குவதற்கு ஏறத்தாழ இரண்டு மாதமே மிச்சமிருந்த வேளையில், 499 மாணவர்களுக்கு அளித்த அனுமதியை வளாகம் ரத்து செய்தது. அவர்களுள் 290 பேர்மீது சொல்லப்பட்ட குற்றம், டிரான்ஸ்கிரிப்ட் சரியான சமயத்தில் சரியான முறையில் வந்து சேரவில்லை என்பதுதான். வேறு கல்லூரிகளின் அழைப்பையெல்லாம் மறுத்துவிட்டு வந்த பிள்ளைகள், நடுத்தெருவில் விடப்பட்டவர்களாகத் திகைத்தார்கள். பிறகு எழுதினார்கள், முறையிட்டார்கள், போராடினார்கள், பத்திரிகைகளும் அவர்களுக்காகப் பேசின. ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் வளாகத்தின் தலைவர் ஹோவர்ட் கில்மன் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டு, கல்வித் தரத்தில் தெளிவாகக் குறைந்தவர்களைத் தவிர மற்றவர்கள் அனைவரும் சேர்த்துக்கொள்ளப்படுவர் என்று அறிவித்தார். இது முதலாண்டுச் சேர்க்கையில் எழுந்த விவகாரமாயினும், நிபந்தனை எல்லோருக்கும் பொதுவானது. இந்தச் சம்பவத்தில் நான் கவனிக்கும் விசேஷம் ஒன்று உண்டு: டிரான்ஸ்கிரிப்டை அனுப்பச் சொன்ன நாளின் ரசீதைப் பத்திரப்படுத்தி வைத்திருப்பவன், இத்தகைய சந்தர்ப்பத்தில், கண்ணீரைக் காட்டாமல் காகிதத்தைக் காட்டுகிறான். அனுப்பியதற்கு அத்தாட்சியும், வந்து சேர்ந்துவிட்டது என்று வளாகத்தின் வலைவாசலில் தோன்றும் குறிப்பின் பிரதியும், முன்பணம் கட்டிய சீட்டும் ஒரே உறையில் இருக்கட்டும்.

பழைய கல்லூரிக்கு நூலக அபராதமோ கட்டண பாக்கியோ தரவேண்டியிருக்கிறது, அதனால் டிரான்ஸ்கிரிப்டைத் தரமாட்டார்கள் என்று அஞ்சி, கெடு முடியும் வரை பேசாமல் இருந்துவிடும் பிள்ளைகள் உண்டு. கலிபோர்னியாவில் அந்த அச்சத்துக்கு இடமில்லை. 2019-இல் இயற்றப்பட்டு 2020 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த ஏபி 1313 என்னும் சட்டம், கடனை வசூலிக்கும் கருவியாக டிரான்ஸ்கிரிப்டைப் பிடித்துவைப்பதை அந்த மாநிலத்துக் கல்லூரிகளுக்கு விலக்கிவிட்டது. கடன் கடனாகவே இருக்கும், அதைத் தீர்க்கவேண்டும். ஆனால் அதற்காக மாணவனின் எதிர்காலத்தை ஈடாகப் பிடிக்க முடியாது. மறுக்கும் அலுவலரிடம் இந்தச் சட்டத்தின் பெயரைச் சொல்லி, மறுப்பை எழுத்தில் தருமாறு கேட்பதே முதற் பரிகாரம்.

பெற்றோருக்குத் தனியே ஒரு வார்த்தை. மகளின் விண்ணப்பம் என்னவாயிற்று என்று தகப்பனார் தொலைபேசியில் கேட்க, அலுவலகத்தார் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட, தம்மை அவமதித்துவிட்டதாக அவர் வருந்துவது நம் குடும்பங்களில் அடிக்கடி நிகழ்வது. அது அவமதிப்பன்று, 1974-ஆம் ஆண்டின் குடும்பக் கல்வி உரிமை, அந்தரங்கச் சட்டம், ஃபெர்பா என்று சுருக்கமாக அழைக்கப்படுவது, பிள்ளை கல்லூரியில் காலடி வைத்த நாளிலேயே, வயது எதுவாயினும், பெற்றோரிடமிருந்த உரிமையை எடுத்து மாணவரிடம் கொடுத்துவிடுகிறது. படித்துக்கொண்டிருக்கும் கல்லூரியில் தன்னைப் பற்றி வைத்திருக்கும் பதிவேடுகளைப் பார்க்கவேண்டும் என்று மாணவர் கேட்டால் 45 நாட்களுக்குள் காட்டியாகவேண்டும். பிழையிருந்தால் திருத்தும்படி கேட்கலாம். உரிமை மீறப்பட்டால் 180 நாட்களுக்குள் மத்தியக் கல்வித் துறைக்கு முறையிடலாம். ஓர் எல்லையை மட்டும் நினைவில் வைக்கவேண்டும்: விண்ணப்பித்துச் சேராத சர்வகலாசாலை தன்னிடம் வைத்திருக்கும் மதிப்பீட்டுக் குறிப்புகளைக் கேட்க இந்தச் சட்டம் இடம் தராது. தகப்பனார்கள் செய்யத்தக்க பெரிய உதவி, மார்ச் 2-ஆம் தேதிக் கெடுவுக்குள் கல்வி உதவித்தொகை விண்ணப்பத்தில் நிரப்பவேண்டிய வருமான விவரங்களைத் தேடி எடுத்துத் தருவதுதான். விடை வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இதை ஒத்திப்போட்ட வீடுகளில், இடம் கிடைத்தும் பணமில்லாத துயரம் நேர்கிறது.

விசாவில் சென்றிருக்கும் மாணவரின் நிலை இன்னும் நுட்பமானது. எஃப்-1 விசாவில் இருப்பவர், அனுமதி கிடைத்த பின்னும், செவிஸ் என்னும் அயல்நாட்டு மாணவர் பதிவேட்டில் உள்ள தம்முடைய பதிவைப் பழைய கல்லூரி புதிய கல்லூரிக்கு மாற்றி விடுவிக்கும்படி கேட்கவேண்டும். புதிய ஐ-20 பத்திரம் அதன் பின்னரே கிடைக்கும். படிப்பு முடிந்த நாளிலிருந்து 60 நாள் அவகாசம் தரப்பட்டிருக்கும்; அதற்குள் இந்த மாற்றம் கேட்கப்படவேண்டும்; புதிய வகுப்பும் ஐந்து மாதத்துக்குள் தொடங்கவேண்டும். விடுவிக்கும் தேதி கடந்துவிட்டால் பழைய கல்லூரியால் அதைத் திரும்பப் பெற முடியாது. பல இடங்களின் விடைக்காகக் காத்திருப்பவர் அவசரப்பட்டு முதலில் வந்த இடத்துக்குப் பதிவை விடுவித்துவிடுவது பெரும் அபாயம். குடியேற்ற விதிகள் அடிக்கடி மாறுவதால், நண்பர்களின் பழைய அனுபவத்தை நம்பாமல், அந்தந்தக் கல்லூரியின் அயல்நாட்டு மாணவர் அலுவலரிடமே தேதியைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நலம்.

மாநிலத்துக்கு வெளியிலோ தனியார் சர்வகலாசாலையிலோ இடம் கிடைத்தவர்கள் வேறொரு நஷ்டத்தை எதிர்நோக்கவேண்டியிருக்கிறது. கலிபோர்னியாவின் பொதுக் கல்லூரிகளுக்குள் எந்தப் பாடம் எந்தப் பாடத்துக்கு ஈடு என்பதை ‘அசிஸ்ட்’ என்ற பொதுத் தளத்தில் எவரும் பார்த்துக்கொள்ளலாம். அந்த எல்லையைத் தாண்டினால் அத்தகைய துணை குறைவு. 2004-க்கும் 2009-க்கும் இடையே கல்லூரி மாறியவர்கள் சராசரியாகத் தாங்கள் ஈட்டிய கிரெடிட்டுகளில் நூற்றுக்கு 43 பங்கை இழந்தார்கள் என்று, அமெரிக்கக் காங்கிரஸின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ 2017-இல் மதிப்பிட்டது. இரண்டாண்டு உழைப்பில் ஏறக்குறைய ஓராண்டு காற்றோடு போவதற்குச் சமம் அது! ஆகவே, முன்பணம் கட்டுவதற்கு முன்பே, எந்தெந்தப் பாடம் ஏற்கப்பட்டது, எது பட்டத்துக்குரிய பாடமாகக் கணக்காயிற்று, எது வெறும் எண்ணிக்கைக்கு மட்டும் சேர்ந்தது என்பதை எழுத்தில் கேட்டுப் பெறவேண்டும். மறுக்கப்பட்ட பாடத்துக்கு அதன் முழுப் பாடத்திட்டத்தை இணைத்து மறுபரிசீலனை கேட்கலாம். பழைய பாடத்திட்டத் தாள்களை யாரும் எறிந்துவிடலாகாது.

விடை எங்கிருந்து வருகிறது என்பதிலும் கவனம் வேண்டும். 2009 மார்ச்சில் சான் டியேகோ வளாகம், நிராகரிக்கப்பட்ட சுமார் 28,000 பேருக்கும் வரவேற்பு மின்னஞ்சலைத் தவறுதலாக அனுப்பி, பிறகு வருத்தம் தெரிவித்தது. சர்வகலாசாலையே இவ்வாறு தவறக்கூடுமானால், வஞ்சகர்கள் அனுப்பும் போலிக் கடிதங்களைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. வளாகத்தின் சொந்த வலைவாசலில் நுழைந்து பார்த்ததே முடிவு. மின்னஞ்சலில் வந்த இணைப்பைத் தொட்டுப் பணம் கட்டுவது கூடாது. பின்கதவு வழியாக இடம் வாங்கித் தருவதாகச் சொல்லும் தரகர்களை வீட்டு வாசலிலேயே நிறுத்திவிடவேண்டும். 2019-இல் வெளிப்பட்ட லஞ்சச் சேர்க்கை வழக்கில், வாங்கிய விளையாட்டுப் பயிற்சியாளர்களோடு கொடுத்த பெற்றோரும் சிறை சென்றார்கள்.

நிராகரிப்பு வந்துவிட்டால்? காத்திருப்போர் பட்டியலில் இடம் தருவதாகச் சொல்லும் வளாகத்துக்கு, விருப்பத்தைத் தனியே தெரிவித்தாலன்றி அந்தப் பட்டியலில் பெயர் ஏறாது. மேல்முறையீடு செய்யவும் உரிமையுண்டு; ஆனால் அது ஏமாற்றத்தை விவரிக்கும் கடிதமாக இருந்தால் பயனில்லை. விண்ணப்பத்தில் இல்லாத புதிய தகவல், தவறாகப் பதிவான மதிப்பெண், அப்போது சொல்ல இயலாதிருந்த நோய் முதலிய காரணம், சான்றுகளோடு, அந்த வளாகம் குறித்த நாளுக்குள் போகவேண்டும். இதற்கிடையில் வேறு வளாகம் கொடுத்த இடத்தை ஜூன் முதல் தேதிக்குள் ஏற்றுக்கொள்வதே விவேகம். மேல்முறையீடு வென்றால் முன்பணம் மட்டுமே நஷ்டம், தோற்றால் இடம் மிச்சம்.

எங்குமே இடம் கிடைக்காதவருக்கும் சட்டம் ஒரு வழியை வைத்திருக்கிறது. 2010-இல் இயற்றப்பட்ட எஸ்பி 1440 சட்டத்தின்படி, மாற்றத்துக்குரிய அசோசியேட் பட்டத்தை முடித்தவருக்குக் கலிபோர்னியா மாநிலச் சர்வகலாசாலை, அதாவது கால் ஸ்டேட், தன் வளாகங்களுள் ஏதாவது ஒன்றில் மூன்றாம் ஆண்டு மாணவராக இடம் தரக் கடமைப்பட்டிருக்கிறது. மேலும் 60 யூனிட்டுகளில் பட்டத்தை முடிக்கவும் வழி செய்கிறது. விரும்பிய வளாகம், விரும்பிய பாடம் என்ற உறுதி அதில் இல்லை. அந்தப் பட்டத்துக்கான மனுவைக் கம்யூனிட்டி காலேஜின் ஆலோசகர் அறையில், விடை வருவதற்கு முன்பே, இந்த வசந்தகாலத்திலேயே கொடுத்துவிடலாம்.