தமிழ் பைல்கள் சிதையாமல் இருக்க ஒரே ஒரு கொள்கை

கள்ளக்குறிச்சியில் ஒரு டைப்பிங் சென்டரில் அடித்து வாங்கிய மனுவை, கல்வராயன் மலையின் வெள்ளிமலையில் இருப்பவர் தன் புதுக் கம்ப்யூட்டரில் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தமிழைக் காணோம், ஆங்கில எழுத்துகள் தாறுமாறாக நிற்கின்றன. ஒரு தேதியைத் திருத்த மீண்டும் மலை இறங்க வேண்டும். எங்கள் பக்கத்து நண்பர்கள் இது வைரஸா என்று என்னிடம் கேட்பதுண்டு. வைரஸ் இல்லை.

பாமினி போன்ற பழைய பான்ட்களில் "தமிழ்" என்ற சொல், ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்றுதான் பைலில் பதிவாகிறது. அந்த பான்ட் இருந்தால் தமிழாகத் தெரியும். இல்லாவிட்டால் உள்ளே இருப்பது அப்படியே வெளியே வரும்.

இதற்குத் தீர்வு யூனிகோட். அதன் கொள்கை எளிது: தமிழுக்கெனத் தனி எண்கள்; பான்ட் மாறினாலும் எண் மாறாது. "த" என்றால் எங்கும் 2980தான். பான்ட் தயாரிப்பவர், கீபோர்ட் எழுதுபவர், தேடும் வசதி தருபவர் என ஒருவரையொருவர் அறியாத பலரின் வேலையும் ஒன்றோடொன்று பொருந்துவது இதனால்தான். தமிழக அரசு 1999ல் தமிழ்99 கீபோர்டை ஏற்றது. 2010ல் யூனிகோடைத் தரமாக அறிவித்தது. யூனிகோட் சரியாக இயங்காத சாப்ட்வேர்களுக்கு டேஸ்16 முறையை ஏற்றது.

வீட்டிலும் ஒரு கொள்கை வையுங்கள்: "என் பைல் எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே திறக்க வேண்டும்." மற்றவை தானாக வரும்.

1. விண்டோஸ் செட்டிங்ஸில் மொழிப் பகுதிக்குச் சென்று தமிழைச் சேர்த்திடவும். அதன் கீபோர்ட் பட்டியலில் தமிழ்99ஐத் தேர்ந்தெடுக்கவும்.

2. டைப்பிங் சென்டரில் "யூனிகோடில் அடித்துக் கொடுங்கள்" என்று முதலிலேயே சொல்லிவிடவும்.

3. பழைய பைல்களைக் கன்வர்ட்டர் மூலம் யூனிகோடுக்கு மாற்றிப் படித்துச் சரிபார்க்கவும். அதுவரை மூலப் பைலை அழிக்க வேண்டாம்.

4. அனுப்பும் முன் பைலை மொபைல் போனில் திறந்து பார்க்கவும்.

இதில் சொல்லாத ஒன்று நாளை வரலாம். பி.டி.எப். ஆக மட்டும் வைத்துக்கொண்டால் போதுமா? கொள்கையோடு ஒப்பிடுங்கள். பார்க்க, பிரிண்ட் எடுக்கப் போதும், திருத்த உதவாது. எனவே யூனிகோட் மூலப் பைலையும் சேர்த்து வைத்திடுங்கள். விதிகளை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. கொள்கை நினைவிருந்தால் விடை கிடைத்துவிடும்.