தாத்தாவின் டபுள் பேரலும் குட்டைத் தோட்டாவும்

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஏ.டி.எம். வாசலில் பணவண்டி வந்து நிற்கும்போது பாருங்கள். முதலில் இறங்குபவர் காவலாளி. தோளில் டபுள் பேரல், இடுப்புப் பட்டையில் சாயம் வெளுத்த தோட்டாக்கள். வடசென்னைத் தெருவில் இரட்டைக்குழல் துப்பாக்கி கண்ணில் படுவது இன்று அநேகமாக அவர் தோளில்தான். ராயபுரம் பக்கத்துப் பழைய வீடுகளில் ஒன்றிரண்டு, எண்ணெய்த் துணி சுற்றிப் பெட்டிக்குள் படுத்திருக்கலாம்.

எண்ணூர் என்றால் இப்போது நமக்குச் சாம்பலும் நிலக்கரியும் கன்டெய்னர் லாரியும். வெள்ளைக்காரர் காலத்தில் அது ஓய்வுக்குப் போகும் ஊர். கழிமுகத்தில் படகு, மீன். வடக்கே பழவேற்காட்டு ஏரியில் தாரா, கிளுவை. சேற்று வயல்களில் உள்ளான். அந்தப் பறவைகளைச் சுடத்தான் பர்மிங்காமிலும் லண்டனிலும் செய்த '12 போர்' (bore) ரகத் துப்பாக்கிகள் கப்பலேறி வந்தன. கடிகாரத்துக்குப் பேர்போன மவுண்ட் ரோடு பி. ஆர் அண்ட் சன்ஸ் பெயர் பொறித்த துப்பாக்கிகள்கூட உண்டு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குக் கடிவாளம் போட்டது; அதன் 1991 திருத்தம் முடித்துவைத்தது. துப்பாக்கி மட்டும், வாரிசு தன் பெயரில் லைசென்ஸ் வாங்க, அடுத்த தலைமுறைக்கு வந்து சேர்ந்தது.

சிக்கல் ஐந்து மில்லிமீட்டரில் இருக்கிறது. அந்தக் காலத்து ஆங்கிலேயத் துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அறை இரண்டரை அங்குலம்; அதற்குரியது 65 மி.மீ. என்று குறிக்கப்படும் தோட்டா. இன்று உலகம் முழுக்கப் புழங்குவது 70. பெரிய தோட்டா உள்ளே நுழையாது, தெரிந்துவிடும் என்றுதானே நினைப்போம்? நுழையும். தோட்டாவின் நீளம் என்று சொல்வது சுட்ட பிறகு வாய் விரிந்த நிலையில் உள்ள நீளம். சுடாத தோட்டாவின் வாய் மடங்கியிருப்பதால் 70 தோட்டா 65 அறையில் சமர்த்தாகப் போய் உட்காரும், குழலும் மூடும். விசையை இழுத்ததும் அந்த மடிப்பு, அறையைத் தாண்டிக் குழல் குறுகும் இடத்தில் போய் விரிகிறது. ரவை அந்தக் கழுத்தில் நெருக்கியடித்துக்கொண்டு போக, பின்னால் அழுத்தம் ஏறுகிறது. நூறு வயதுக் குழலுக்கு இது வேண்டாத சோதனை.

இன்னொரு மயக்கமும் உண்டு, அது போட்டித் தோட்டா பற்றியது. 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில், பறக்கும் தட்டைச் சுடும் ட்ராப் பிரிவில் தங்கம் வென்ற அணியில் புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் இருந்தார். அந்தப் போட்டித் தோட்டாவில் ரவை 24.5 கிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. ரவை குறைவு, அதனால் கிழட்டுத் துப்பாக்கிக்கு ஏற்ற மெல்லிய தோட்டா என்று முடிவுகட்டினால் தப்பு. ரவையின் எடை வேறு, அழுத்தம் வேறு.

65 மி.மீ. குட்டைத் தோட்டா சுலபமாகக் கிடைக்காத இடத்தில்தான் 'நாமே நிரப்பிக்கொண்டால் என்ன' என்ற யோசனை வருகிறது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அது மதிப்பான பொழுதுபோக்கு. நம் ஊருக்கும் புதிதில்லை. அந்நாள் வேட்டைக்காரர்கள் பித்தளைத் தோட்டாவில் கேப் மாற்றி, கரிமருந்து அளந்து, ஃபெல்ட் அடைத்து, ரவை கொட்டி, அட்டையால் மூடினார்கள். நரிக்குறவர்கள் நாட்டுத் துப்பாக்கியில் இதே வேலையைக் குழலின் வாய் வழியாகச் செய்தார்கள். அந்தக் கைத்திறனை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் கரிமருந்துக்குப் பழகிய கரண்டியில் புகையில்லா மருந்தை அதே அளவு அள்ளிப் போட்டால் குழல் பிளக்கும். சுடுபவரின் இடது கை அப்போது குழலுக்கு நேர் கீழேதான் இருக்கும்.

சட்டமும் இடம் தரவில்லை. 1959 ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி தோட்டா தயாரிக்கத் தனி லைசென்ஸ் வேண்டும். துப்பாக்கி வைத்துக்கொள்ளும் லைசென்ஸ் அதற்குச் செல்லாது. வீட்டு மொட்டைமாடியில் தோட்டா நிரப்புவது இங்கே பொழுதுபோக்கு அல்ல, வழக்கு.

செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. தோட்டா இல்லை என்று உறுதிசெய்துகொண்டு குழலைக் கழற்றி அடிப்பக்கம் பாருங்கள். பர்மிங்காம் துப்பாக்கியென்றால், 1904க்குப் பிறகு புகையில்லா மருந்துக்குச் சோதித்ததற்கு அடையாளமாக மகுடமும் அதன் கீழ் 'என்.பி.' என்ற எழுத்துகளும் குத்தியிருக்கும். 1925க்குப் பிந்தைய சோதனையென்றால் அறையின் நீளமும் இருக்கும். முத்திரை இருந்துவிட்டால் மட்டும் போதாது. துரு தின்றும், துருவைத் தேய்த்தும் மெலிந்த குழல் முத்திரைக்குக் கட்டுப்படாது. முறுக்கிய கம்பிக் கோடுகள் தெரியும் டமாஸ்கஸ் குழலை, தெரிந்தவர் பார்த்துச் சொல்லும்வரை சுடவே வேண்டாம்.

தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வரும். எப்படியும் பெட்டியைத் திறப்பீர்கள். அந்தச் சாக்கில் லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடைக்காரரிடம் அறையை அளக்கச் சொல்லி, 65ஆ 70ஆ என்று ஒரு சீட்டில் எழுதி வாங்கிப் பெட்டிக்குள் ஒட்டிவையுங்கள்.