குழந்தையும் கைப்பேசியும் (8) – மலையேறி வந்த கடைவீதி

சென்ற வாரம் நாம் பார்த்த குடும்பங்கள் நகரத்துக் குடும்பங்கள். அங்கே பெற்றோர் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். மாலையில் வீடு திரும்புகிறவர்கள். கைப்பேசியின் சூட்சுமங்களைக் குழந்தைகளுக்கு ஈடாக அறிந்தவர்கள். தாய் தந்தையர் பிழைப்புக்காக நெடுந்தூரம் போய்விட்ட வீட்டில், எழுத்தறியாத பாட்டியின் பாதுகாப்பில் வளரும் சிறுவன் கையிலும் அதே கைப்பேசியும் அதில் பணம் செலவழிக்க வைக்கும் விளையாட்டும் இருக்கும்போது, அவனையும் அவ்வீட்டுப் பணத்தையும் காப்பது எப்படி என்பதே இவ்வாரம் நாம் சிந்திக்க வேண்டிய விஷயம். அதற்கு ஜவ்வாது மலையையே உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம்.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகத் திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் பரந்து கிடக்கும் இம்மலைக்குப் போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கும், ஆலங்காயத்திலிருந்து காவலூருக்கும், திருப்பத்தூரிலிருந்து புதூர்நாட்டுக்கும் சாலைகள் ஏறுகின்றன. இங்கே பெரும்பான்மையாக வாழ்கிறவர்கள் மலையாளிப் பழங்குடி மக்கள். சாமையும் தினையும் விதைத்து, புளியும் தேனும் பலாவும் சேகரித்து, ஆடுமாடு மேய்த்து நடக்கும் ஜீவனம் ஆண்டு முழுவதற்கும் போதாமையால், கர்நாடகத்துக் காப்பித் தோட்டங்களுக்கும் கேரளத்துக்கும் கூலி வேலை தேடிப் போவது பல குடும்பங்களுக்கு வழக்கமாகிவிட்டது. 2015 ஏப்ரல் 7ஆம் தேதி ஆந்திரத்துச் சேஷாசலம் காட்டில் போலீஸாரால் சுட்டுக் கொல்லப்பட்ட இருபது பேரில் இம்மலையைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள் என்பதை நினைத்தால், பிழைப்புக்காக இம்மக்கள் எவ்வளவு தூரமும் எவ்வளவு அபாயத்துக்குள்ளும் போக நேர்கிறது என்பது விளங்கும். பிள்ளைகளில் பலர் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் தங்கிப் படிக்கிறார்கள். மற்றவர்கள் தாத்தா பாட்டியரிடம் வளர்கிறார்கள்.

2020 மார்ச்சு மாதத்தில் நோய்த்தொற்றுக்கு அஞ்சிப் பள்ளிகள் மூடப்பட்டபோது, கல்வித் தொலைக்காட்சியும் கைப்பேசியுமே வகுப்பறைகள் ஆயின. தமிழகத்துச் சிற்றூர்களில் எத்தனையோ ஏழைத் தகப்பன்மார் கடன்பட்டாகிலும் ஒரு கைப்பேசி வாங்கியது பிள்ளை படிக்க வேண்டும் என்ற ஒரே சிரத்தையினால்தான். ஆனால் பாடம் வந்த வழியிலேயே விளையாட்டும் வந்தது. சிறிது காலத்துக்குள் வீட்டுப் பணமும் அதே கருவிக்குள் வந்து சேர்ந்தது. அரசின் ஊரக வேலைத் திட்டக் கூலியும், 2023 செப்டம்பரில் மாதம் ஆயிரம் ரூபாயாகத் தொடங்கிய மகளிர் உரிமைத்தொகையும், காப்பித் தோட்டத்திலிருந்து தகப்பன் அனுப்பும் தொகையும் வங்கிக் கணக்கில் விழுகின்றன; அந்தக் கணக்கைக் கைப்பேசியுடன் இணைத்துவிட்டால், பள்ளிக்கூடமும் விளையாட்டுக்களமும் பணப்பெட்டியும் ஒரே கண்ணாடித் தகட்டின் பின்னால் கூடிவிடுகின்றன. அதைத் திறக்கத் தெரிந்தவன் அநேகமாக வீட்டில் ஒருவனே; அவன் எட்டாம் வகுப்புப் படிக்கும் பையன். பணம் வந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்பவன் அவன். குறுஞ்செய்தியைப் படித்துக் காட்டுபவன் அவன். கடைக்காரருக்குப் பணம் அனுப்புவதற்காகப் பாட்டியின் ரகசிய எண்ணை அழுத்துபவனும் அவனே. இதில் அவனுடைய குற்றம் எதுவும் இல்லை. பெரியவர்கள் தங்கள் சௌகரியத்துக்காகச் சாவியை அவன் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

இனி, அந்த விளையாட்டுக்குள் இருக்கும் கடையைப் பார்ப்போம். ஃப்ரீ ஃபயர் மேக்ஸ், பிஜிஎம்ஐ முதலிய துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளைத் தரவிறக்கக் காசு வேண்டியதில்லை. உள்ளே நுழைந்த பிறகு வீரனுக்கு உடை, துப்பாக்கிக்கு ‘ஸ்கின்’ எனப்படும் அலங்காரம், அவ்வப்போது புதுப்பிக்கும் ‘பாஸ்’ என்று ஒவ்வொன்றும் விலைக்கு வருகிறது. அந்த விலை ரூபாயில் எழுதப்பட்டிருப்பதில்லை. ஒன்றில் ‘டைமண்ட்’ என்றும் மற்றொன்றில் ‘யூசி’ என்றும் வேறொரு நாணயம் வைத்திருக்கிறார்கள். முதலில் ரூபாயைக் கொடுத்து அந்த நாணயத்தை வாங்க வேண்டும். பிறகு அந்த நாணயத்தைக் கொடுத்து அலங்காரத்தை வாங்க வேண்டும். இடையில் ஒரு படி சேர்ந்துவிட்டபடியால், செலவாவது வீட்டுப் பணம் என்ற உணர்வு பிள்ளையின் மனத்தில் மங்கிவிடுகிறது. அதிர்ஷ்டம் இருந்தால்தான் வேண்டிய பொருள் கிடைக்கும் என்னும் சுழற்சிப் பெட்டிகளும் இக்கடையில் உண்டு; அத்தகைய பெட்டிகளில் சில சூதாட்டமே என்று பெல்ஜியம் தேசத்து அதிகாரிகள் 2018லேயே தீர்மானித்தார்கள்.

2021இல் பிஜிஎம்ஐ நம் நாட்டில் வெளியானபோது, பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆடலாகாது என்றும், 7,000 ரூபாய்க்கு மேல் செலவிடலாகாது என்றும் அதை நடத்தும் நிறுவனமே வரம்பு விதித்தது. பாதுகாப்புக்காக விதித்த வரம்பு அது. நூறு நாள் வேலை எனப்பட்ட ஊரக வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025–26ஆம் ஆண்டுக்கு அறிவிக்கப்பட்ட கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். அந்தக் கணக்கின்படி, ஒரு குழந்தை ஒரே நாளில் செலவிட அனுமதிக்கப்பட்ட தொகை அதன் தாய் ஏறத்தாழ இருபத்தொரு நாள் மண்வெட்டி எடுத்து உழைத்தால்தான் கைக்கு வரும். ஒரு வரம்பு எந்த வீட்டை உத்தேசித்து விதிக்கப்பட்டது என்பதை அதன் தொகையே காட்டிவிடுகிறது.

சர்க்கார் வாளாவிருந்தது என்று சொல்ல முடியாது. பணம் வைத்து ஆடும் இணையச் சூதாட்டத்தால் கடன்பட்டுப் பலர் தற்கொலை செய்துகொண்டதைக் கண்டு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் 2022இல் குழு அமைத்து, அதன் அறிக்கையைப் பெற்றுத் தமிழ்நாடு சட்டம் இயற்றியது. ஆளுநர் திருப்பியனுப்பிய அம்மசோதாவைச் சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்ற, 2023 ஏப்ரலில் அது சட்டமாயிற்று. அதன் கீழ் அமைந்த ஆணையம், பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளில் சிறுவர்களுக்கு இடமில்லை என்றும், நள்ளிரவு பன்னிரண்டு மணி முதல் காலை ஐந்து மணி வரை அவற்றை நடத்தலாகாது என்றும் 2025 பிப்ரவரியில் விதித்தது. சென்னை உயர் நீதிமன்றம் அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அவ்விதிகளை நிலைநிறுத்தியது. அதன் பின் பாராளுமன்றம் நிறைவேற்றி, 2025 ஆகஸ்ட் 22ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம், பணத்தை எதிர்பார்த்துப் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களை நாடு முழுவதற்கும் தடை செய்தது.

இவையெல்லாம் வரவேற்கத் தக்கவையே. ஆயினும் பெற்றோர் இங்கே ஒன்றைத் தெளிவாக உணர வேண்டும். சட்டம் தடுத்திருப்பது பணத்தைப் பணயம் வைக்கும் ஆட்டத்தை. பணம் கொடுத்து அலங்காரம் வாங்கும் கடை பணயத்தில் சேராது. ஆதலால் சூதாட்டத்தின் கதவு அடைபட்ட பின்பும் நம் பிள்ளைகளின் கடைவீதி திறந்தே இருக்கிறது.

வயதை ஆதாரமாகக் கொண்ட எந்த விதிக்கும் இன்னொரு பலவீனம் உண்டு. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்கள் வெள்ளி, சனி, ஞாயிறு, பொது விடுமுறை ஆகிய நாட்களில் இரவு எட்டு முதல் ஒன்பது மணி வரை மட்டுமே இணையத்தில் விளையாடலாம் என்று சீனா 2021இல் கடுமையாக விதித்தது. அங்கும் சிறுவர்கள் பெரியவர்களின் கணக்கில் புகுந்து ஆடினார்கள். ஜவ்வாது மலை வீட்டில் சிம் அட்டை தகப்பன் பெயரில் இருக்கிறது. வங்கிக் கணக்கு தாயின் பெயரிலோ பாட்டியின் பெயரிலோ இருக்கிறது. நிறுவனத்தின் ஏட்டைப் புரட்டினால் அங்கே ஆடிக்கொண்டிருப்பவள் அறுபது வயதுப் பாட்டி! அப்பாட்டிக்கு வயது வரம்பும் இல்லை, நேர வரம்பும் இல்லை. சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாத இந்தப் பிள்ளையைப் பார்க்கக்கூடியவர்கள் அவன் வீட்டாரும் ஊராரும் மட்டுமே.

எனவே முதற்காரியம், விளையாடும் கைப்பேசியிலிருந்து பணத்தைப் பிரிப்பது. கூலியும் உரிமைத்தொகையும் வரும் கணக்கைப் பிள்ளை ஆடும் கைப்பேசியில் இணைக்காதிருப்பதே உத்தமம். வீட்டில் ஒரே கைப்பேசிதான் என்றால், பிளே ஸ்டோரில் பதிந்திருக்கும் வங்கி அட்டையையும் பணம் செலுத்தும் முகவரியையும் நீக்கிவிட்டு, ஒவ்வொரு கொள்முதலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி வைத்துவிட வேண்டும். ரகசிய எண்ணை அறிந்தவர் கணக்குக்கு உரியவராகவே இருக்க வேண்டும். எழுத்தறியாதவர்களும் எண்களை அறிவார்கள், சந்தையில் கணக்குப் பிசகாமல் புளி விற்கிற பாட்டியால் நான்கு அல்லது ஆறு இலக்கங்களை மனத்தில் வைத்துக்கொள்ள முடியாது என்பது பொருந்தாது. தனக்கு வரும் பணத்தைப் பெற ரகசிய எண் வேண்டியதில்லை என்ற ஒரே பாடத்தை அவள் கற்றுக்கொண்டால் பாதி அபாயம் நீங்கும். தொலைவிலிருக்கும் தகப்பனுக்கும் ஒரு வழி உண்டு: 2024இல் நடைமுறைக்கு வந்த ‘யுபிஐ சர்க்கிள்’ என்னும் ஏற்பாட்டில், வீட்டிலிருப்பவர் செலுத்தும் ஒவ்வொரு தொகைக்கும் கணக்குக்கு உரியவரின் சம்மதம் கேட்கும்படி அமைத்துக்கொள்ளலாம், குடகில் காப்பி பறித்துக்கொண்டே அவர் ‘சரி’ என்றோ ‘வேண்டாம்’ என்றோ சொல்ல முடியும்.

இரண்டாவது காரியம், அந்நியர்களைப் பற்றியது. இவ்விளையாட்டுகளில் பிள்ளை தனியாக ஆடுவதில்லை. முகம் அறியாதவர்கள் அவனோடு சேர்ந்து ஆடுகிறார்கள், பேசவும் செய்கிறார்கள். ‘இலவச டைமண்ட்’ என்று இணைப்பு அனுப்பி ஒருமுறைக் கடவுச்சொல்லைக் கேட்பவன், ஆட்டக் கணக்கை விற்பதாகச் சொல்லிப் பணம் பறிப்பவன், சிறுமியிடம் புகைப்படம் கேட்பவன் எல்லோரும் வருவது இந்த வழியாகத்தான். சொந்த விவரங்களைச் சொல்லலாகாது, அந்நியரோடு பேசலாகாது, பணம் செலுத்தும் அட்டையை விளையாட்டில் பதியலாகாது என்று மத்தியக் கல்வி அமைச்சகம் 2021 டிசம்பரில் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் அறிவுரை வெளியிட்டது. அந்த அறிவுரை மலைக் கிராமத்துப் பாட்டியின் காதுக்கு, அவள் பேசும் தமிழில், வாய்மொழியாகப் போய்ச் சேர வேண்டும்.

மூன்றாவது, பணம் போய்விட்ட அன்று என்ன செய்வது? பிள்ளையை அடிக்கக் கூடாது என்பதே முதல் விதி. அடிக்கு அஞ்சும் பிள்ளை உண்மையை மறைப்பான். அவன் மறைக்கும் ஒவ்வொரு நாளும் பணம் திரும்பும் வழியை அடைக்கும். மோசடியால் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்குத் தெரிவித்து, வங்கிக்கும் சொல்ல வேண்டும். பிள்ளை தானே வாங்கியிருந்தால், வாங்கிய விவரத்தோடு முதல் இரண்டு நாட்களுக்குள்ளேயே பிளே ஸ்டோரில் பணத்தைத் திரும்பக் கேட்க வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாதவர் செய்த ஒப்பந்தம் நம் நாட்டில் செல்லாது. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தை விளக்கிப் பிரிவி கவுன்சில் 1903இலேயே கொடுத்த தீர்ப்பு அது. கணக்கு பெரியவர் பெயரில் இருப்பதால், வாங்கியவர் குழந்தை என்பதை விளக்கி எழுத வேண்டியிருக்கும். அதற்குப் பள்ளி ஆசிரியர் உதவ வேண்டும். ஆட்டத்தை நிறுத்த முடியாமல் உறக்கமும் உணவும் படிப்பும் கெட்டு மாதக்கணக்கில் தவிக்கும் பிள்ளைக்கு வேண்டியது வைத்தியம். இதை ஒரு நோயாக உலக சுகாதார ஸ்தாபனம் தன் நோய்ப்பட்டியலில் சேர்த்திருக்கிறது; அப்பட்டியல் 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது. மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம்.

உறைவிடப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விடுமுறைக் காலமே அபாயகாலம். மாதக்கணக்கில் கைப்பேசி இல்லாமல் இருந்தவன், கோடை விடுமுறையில் வீட்டுக்கு வந்ததும், கேட்பாரற்ற நாட்களில், கைப்பேசியோடு தனியே விடப்படுகிறான். ஆடவே கூடாது என்று அவனைத் தடுப்பது நியாயமும் ஆகாது, சாத்தியமும் ஆகாது. பகலில் இன்ன நேரம் என்று அவனோடு பேசி முடிவு செய்து, இரவில் கைப்பேசியைப் பெரியவர் தலைமாட்டில் வைத்துக்கொள்வது எந்த வீட்டாலும் ஆகக்கூடிய காரியம். “ஏன் கண்ணு, இது சும்மா வர்றதா, காசு குடுத்து வாங்குறதா?” என்று பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாலே போதும், அந்த ஒரு கேள்வி பிள்ளையின் மனத்தில் டைமண்டை மறுபடியும் ரூபாயாக மாற்றிவிடும். நம்பிக்கையான பிள்ளைக்கு மாதம் ஒரு சிறு தொகையைக் கொடுத்து, அதற்கு எழுத்தில் கணக்கு கேட்பதும் நல்ல பயிற்சி.

இவ்வளவையும் பிழைப்புக்குப் போன தாய் தந்தையர் தலையிலேயே சுமத்துவது தர்மம் ஆகாது. பெற்றோர் ஊரில் இல்லாதபோது ஊரே பெற்றோர். ஆகவே என் விண்ணப்பம் மூன்று தரப்பினருக்கு. உறைவிடப் பள்ளித் தலைமையாசிரியர்களே, காப்பாளர்களே! விடுமுறைக்குப் பிள்ளையை அழைத்துப் போக வருகிறவர்களை ஒரு மணி நேரம் உட்கார வைத்து, இவற்றைச் செய்து காட்டி அனுப்புங்கள். மகளிர் சுய உதவிக் குழுவின் சகோதரிகளே! கடன் கணக்குப் பார்க்கும் கூட்டத்தில், அவரவர் கைப்பேசியில் எந்தக் கணக்கு இணைந்திருக்கிறது, ரகசிய எண் யாருக்குத் தெரியும் என்பதையும் கேளுங்கள். தெரிந்தவர் தெரியாதவருக்கு மாற்றிக் கொடுங்கள். மலையிலிருந்து வேலைக்குப் புறப்படும் பெற்றோர்களே! வீட்டுச் சாவியை யாரிடம் கொடுப்பது என்று யோசிக்கும்போதே, ரகசிய எண்ணை மாற்றிவிட்டு, அதைக் கணக்குக்கு உரியவர் தவிர வேறு யாரும் அறியாதபடி செய்துவிட்டுப் புறப்படுங்கள்.

(தொடரும்)